நாலும் ஒன்பதும் ஒன்றான நாள்

எலுமிச்சை ரசத்தைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். ஏன் என்று யாரும் கேட்கவில்லைதான். இருந்தாலும் சொல்கிறேன்.

யுத்த காலம். தருமபுரியில் மாம்பழச் சாற்றைத் தகர டப்பாவில் அடைக்கும் கம்பெனி ஒன்றில், கெமிஸ்ட்ரி படித்த பெருமையோடு தற்காலிகமாகச் சேர்ந்திருந்தேன். பட்டாளத்துக்குச் சாறு அனுப்பும் ஆர்டர் கிடைத்தால் வேலை நிரந்தரம் என்றார் முதலாளி. ஆர்டர் கொடுக்க வரும் அதிகாரிக்குச் சாற்றின் புளிப்பை அளந்து காட்ட வேண்டும். அதற்காகவே மெட்ராஸிலிருந்து ஒரு பி.எச். மீட்டர் வந்து இறங்கியது.

அந்த மிஷினை எடுத்தவுடன் நம்பக் கூடாது. புளிப்பு எவ்வளவு என்று முன்பே தெரிந்த பஃபர் கரைசலில் அதன் கண்ணாடிக் குமிழை நனைத்து, முள்ளைச் சரியான எண்ணுக்குத் திருகி வைக்க வேண்டும். என்னிடம் இரண்டு கரைசல்கள். புளித்த ஒன்றின் எண் நாலு, புளிப்பே இல்லாத மற்றதன் எண் ஒன்பது. கரைசலுக்கான பொடி யுத்தத்தில் கொஞ்சம்தான் கிடைத்தது; அது அத்தனையையும் கரைத்து இரண்டு கண்ணாடிக் குவளைகளில் வைத்துவிட்டேன். அப்புறம் ஆரம்பித்தது என் ஆர்ப்பாட்டம். செருப்போடு உள்ளே வரக் கூடாது, கை கழுவாமல் எதையும் தொடக் கூடாது என்று முதலாளியையே வாசலில் நிறுத்தினேன். (வயசுத் திமிர், வேறென்ன?)

மறுநாள் காலை போனால், மிஷினுக்குச் சந்தனம், குங்குமம், பூச்சரம். குமிழில்கூட ஒரு பொட்டு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்த வாயைத் திறப்பதற்குள் அதிகாரியின் கார் வந்துவிட்டது. அவசரமாகக் குமிழைக் கழுவித் துடைத்தேன்.

முதல் குவளையில் நனைத்து, முள்ளை நாலில் நிறுத்தினேன். இரண்டாவதில் நனைத்தேன். முள் நாலை விட்டு அசைய மறுத்தது.

“இது என்ன கரைசல்?” என்றார் அதிகாரி.

“ஒன்பது, சார்.”

“உங்க மிஷின் நாலுன்னு சொல்லுதே?”

விடுவேனா? முள்ளை ஒன்பதுக்குத் திருகிவிட்டு, மறுபடி முதல் குவளைக்குப் போனேன். அதுவும் கூசாமல் ஒன்பது என்றது. அதிகாரி தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“யாருங்க இதுல கை வெச்சது?” என்று அலறினேன்.

முதலாளியம்மா நிதானமாகச் செருப்பைக் கழற்றி, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

“நான்தான் தம்பி. நீங்க இதைச் சாமி மாதிரி வெச்சிருந்தீங்க, பூசை போடாம வுடலாமுங்களா? புது மிஷினுன்னா எலுமிச்சம்பழம் நசுக்கணும். இதுக்குச் சக்கரமே இல்லீங்க. மேல புழிஞ்சா ரிப்பேராயிடும்னு, அந்தக் கண்ணாடித் தீர்த்தம் ரெண்டுலயும் ஒவ்வொரு பழம் புழிஞ்சு வுட்டேன்.”

“ஐயோ, அது ஒன்பதுங்க! இது நாலுங்க! எலுமிச்சம் புளிப்புல ரெண்டும் ஒண்ணாயிடுச்சே!”

“ரெண்டும் ஒரே சாமிக்கு வெச்சது. அதெப்படிங்க தம்பி நம்பர் மாறும்?”

முதலாளி தலையாட்டினார். பூசை போட்டும் மிஷின் ஓடவில்லை என்றால் கோளாறு என் படிப்பில்தானாம்! அன்று மாலையே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எலுமிச்சம்பழத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது அநியாயமா இல்லையா?

வேலை போனது, கதை போகவில்லை. பாப்பிரெட்டிப்பட்டியில் எனக்குப் பெண் கொடுத்தவர்கள் அந்த அம்மாவுக்குச் சொந்தம் என்பது தாலி கட்டிய பிறகுதான் தெரிந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் எலுமிச்சை ரசம் வைத்தால், பேரப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருப்பார்கள். என் மனைவி கரண்டியோடு வருவாள்.

“நாலா, ஒம்போதா, பார்த்துச் சொல்லுங்க. செருப்பைக் கழட்டிட்டுத்தான் புழிஞ்சேன்.”