கட்-ஆஃப் அண்ணன் வீட்டு ரிசல்ட்

விளாங்குடியில் எங்கள் தெருப் பிள்ளைகளின் ஜாதகம் ஜோசியரிடம் இருந்ததோ இல்லையோ, மார்க் எல்லாம் கட்-ஆஃப் அண்ணனின் நாக்கு நுனியில் இருந்தது. அவருக்கு நிஜப் பெயர் ஒன்று இருந்திருக்கும். தபால்காரரைத் தவிர யாருக்கும் அது தேவைப்படவில்லை.

பால் வாங்கப் போகும் பிள்ளையை மறித்து, "கெமிஸ்ட்ரி எம்புட்டு?" என்பார். துக்க வீட்டில் மாலை போட்ட கையோடு பேரனை ஓரங்கட்டி, "கவுன்சிலிங்ல எந்தக் காலேஜு?" என்பார். ஒரு கல்யாணத்தில் மேடையேறி மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தவர், "பிளஸ் டூ மேத்ஸ்ல எம்புட்டு தம்பி?" என்றார். மாப்பிள்ளைக்கு வியர்த்துவிட்டது. பெண் தலையைத் திருப்பி, பதிலுக்குக் காத்திருந்தாள்.

மூன்றாம் வகுப்புப் படித்த என் மகளையும் விடவில்லை.

"பாப்பா, ஒனக்கு என்ன வேணும்?"

"ஐஸ்."

"கேட்டியா மாப்ள, ஐஏஎஸ்ஸாம்!" என்று என் முதுகில் தட்டினார்.

அப்புறம் அவர் மகளே பிளஸ் டூ எழுதினாள். பெரிய காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று எப்போதோ முடிவு செய்துவைத்திருந்தார். ரிசல்ட் வந்த அன்று அவர் வீட்டுக் கதவு சாத்தியே கிடந்தது. தெருவே பழிதீர்க்கக் காத்திருந்தது.

மதியம் வாசலுக்கு வந்தார். சட்டைப் பொத்தான் மாறியிருந்தது. நான்தான் கேட்டேன்.

"அண்ணே, பாப்பா எம்புட்டு?"

"ரெண்டு தோசை மாப்ள. காலைல இருந்து அழுதுக்கிட்டே கெடந்தா. இப்பத்தான் சாப்ட்டா."

காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

மேத்ஸ் காலை வாரிவிட்டிருந்தது. வெளியூரில் எங்காவது இன்ஜினியரிங் சீட் பிடித்துவிடலாம் என்றார்கள் சொந்தக்காரர்கள். அவளோ ஹிஸ்டரி படிக்கிறேன் என்றாள். அண்ணன் ஸ்கூட்டரில் கூட்டிப்போய் கலைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு வந்தார்.

"ஹிஸ்டரிக்கு கட்-ஆஃப் எம்புட்டுண்ணே?" என்று ஒருத்தன் சீண்டினான்.

"தெரியலையேப்பா."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து தெரு அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது.

பிறகு திருநகர் பக்கம் குடிபோய்விட்டார்.

இந்த வருஷம் என் மகளுக்கு ரிசல்ட். நினைத்த மார்க் வரவில்லை. அவள் உள்ளே, நான் வெளியே, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். அண்ணனிடமிருந்து போன் வந்தது. நான் மார்க்கைச் சொல்ல வாயெடுத்தேன்.

"அதை யாரு கேட்டா? புள்ளைகிட்ட போனைக் குடு மாப்ள."

கொடுத்துவிட்டு வந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அது அவர்கள் இருவருக்குள் இருக்கட்டும்.