ஹால்வருக்கு ஒரு கதவு மோட்டார்

கராஜ் கதவுக்கு மோட்டார் வாங்குவதென்று நெஸ்டர் முடிவெடுத்து மூன்று குளிர்காலம் ஆகிறது. வாங்குவதில்லை என்ற முடிவும் அதே நாளில் எடுத்ததுதான். முதல் முடிவை மனைவி லெஸ்யாவிடம் சொன்னார். இரண்டாவதைத் தன்னோடு வைத்துக்கொண்டார்.

காரணம், கராஜுக்குள் கார் இல்லை, குடிசை இருந்தது. உறைந்த ஏரியின்மேல் இழுத்துப்போய் நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து, பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கிற மரக் குடிசை. அடியில் சறுக்குக் கட்டைகள் உண்டு. அவர்கள் ஊரான யார்க்டன் பக்கம் பாதி ஆண்களிடம் இப்படி ஒன்று இருக்கும். மற்றவர்களுடையது வருஷா வருஷம் ஏரிக்குப் போய்வரும். நெஸ்டருடையது கராஜைத் தாண்டியதில்லை. கேட்டால், "இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி" என்பார். அந்தக் கொஞ்ச வேலை முடிவதற்குள் நாற்காலி வந்தது, ரேடியோ வந்தது, இன்னும் பற்றவைக்காத அடுப்பு ஒன்றும் வந்தது. அடுப்பின் புகைக்குழாய் குடிசைக் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றதால் கராஜ் கதவை முழுசாகத் தூக்கவும் முடியாது. இது நெஸ்டருக்கு ரொம்ப வசதி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பொழுதன்றைக்கும் அதற்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, சூரியகாந்தி விதை கொறித்தபடி ஹாக்கி வர்ணனை கேட்பார். வீட்டுக்குள் தனக்கென்று ஒரு வீடு. அதை விட்டுக்கொடுக்க அவருக்குத் துளியும் மனசில்லை.

லெஸ்யாவின் கார், நெஸ்டரின் டிரக், இரண்டும் வெளியே நின்றன. ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவளுக்கு வேலை. விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். கண்ணாடியில் உறைந்த பனியைப் பிளாஸ்டிக் சுரண்டியால் சுரண்டிச் சுரண்டி அவள் வலது தோள் பாழாகிவிட்டது. அந்தத் தோளையே நெஸ்டர் தனக்குச் சாக்காக்கிக்கொண்டார். கனமான கதவைக் கையால் தூக்கினால் தோள் என்ன ஆவது? முதலில் மோட்டார் வரட்டும், அப்புறம் குடிசையை எடுக்கலாம். எத்தனை அக்கறை பாருங்கள்.

"என்ன, இன்னிக்காவது முடிவாச்சா?" என்றாள் லெஸ்யா, டிசம்பர் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம்.

"சங்கிலி மோட்டார் ஒண்ணு பார்த்தேன்."

"சரி, வாங்கு."

"தகரத்தை உருட்டுற மாதிரி சத்தம் போடும். நீ கிளம்புற நேரத்துல தெருவே எந்திரிச்சிடும்."

"பெல்ட்டு?"

"ரப்பர். மைனஸ் நாப்பதுல விறைச்சுப் போகும்."

"எங்க சமையல்காரி வீட்ல பெல்ட்டுதான். நல்லாத்தான் ஓடுது."

"இன்னிக்கு ஓடுது. நாளைக்கு?"

"திருகுல ஓடுறதுன்னு ஒண்ணு சொன்னியே."

"கிரீஸ் கெட்டியாயிடும். கதவு பாதியில நிக்கும். நீ பாதி உள்ள, பாதி வெளிய."

"அப்ப குளிர் ஊருக்குன்னு உலகத்துல ஒருத்தனும் மோட்டாரே செய்யலையா?"

"செய்வான். பொறுமையா இரு. ஒரு தடவை வாங்கினா இருபது வருஷம் நிக்கணும்."

"அதுவரைக்கும் நானும் நிக்கணும்ல," என்று சொல்லிவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொண்டே போய்விட்டாள்.

சண்டை போட்டிருந்தால் நெஸ்டர் உஷாராகியிருப்பார். அவள் சும்மா போனதால், ஜெயித்துவிட்டோம் என்று நிம்மதியாகக் குடிசைக்குள் போனார்.

சனிக்கிழமை பக்கத்து வீட்டு ஹால்வர் வந்தான். மனைவியை இழந்தவன், தனியாள், வாசலை அடைக்கிற உடம்பு. பூட்ஸ் பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்து, கேட்காமலே காப்பியை ஊற்றிக்கொண்டான்.

"நெஸ்டர், ஒரு யோசனை சொல்லுப்பா. கராஜ் கதவுக்கு மோட்டார் போடலாம்னு பார்க்கிறேன். கடைக்காரன் என்னென்னமோ சொல்லிக் குழப்புறான். உன்னைவிட விவரம் தெரிஞ்சவன் இந்த ஊர்லயே இல்லைன்னு லெஸ்யா சொன்னா."

நெஸ்டர் லெஸ்யாவைப் பார்த்தார். அவள் தலை நிமிராமல், உருளைக்கிழங்கு வைத்த பெரோகிக் கொழுக்கட்டைகளின் ஓரத்தை அழுத்தி மூடிக்கொண்டிருந்தாள்.

அந்த ஊரில் பொண்டாட்டி கேட்டால் மூன்று வருஷம் இழுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரன் கேட்டால் அவன் காப்பி ஆறுவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் மரியாதை போய்விடும். தவிர, மூன்று வருஷமாகச் சேர்த்துவைத்த அறிவு நெஸ்டருக்குத் தொண்டைவரை முட்டிக்கொண்டு நின்றது.

"சுவர்ல மாட்டுற மோட்டார் வாங்கு," என்றார். "கதவுக்கு மேல குறுக்கே ஒரு இரும்புத் தண்டு இருக்குல்ல, அதை நேரா சுத்தும். சங்கிலி கிடையாது, பெல்ட்டு கிடையாது. சத்தமே கேக்காது. கரண்டு போனா பேட்டரியில ஓடும். கதவோட அடி ரப்பர் தரையோட உறைஞ்சு ஒட்டிக்கிச்சின்னா, பிச்சு எறியாம நின்னுடும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

சொன்ன பிறகுதான் அடுப்படியில் காது ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. "நம்ம கதவு விஷயம் வேற," என்றார் அவசரமாக.

"வேறதான்," என்றாள் லெஸ்யா. "நான் ஒண்ணும் கேக்கலையே."

அடுத்த சனிக்கிழமை ஹால்வர் டிரக்கில் ஒரு பெட்டியோடு வந்து நின்றான்.

"நீ சொன்னதேதான். ஆனா மாட்ட பயமா இருக்கு. முதல்ல உன் கராஜ்ல ஒரு தடவை மாட்டிக் காட்டு. பார்த்துக்கிட்டு, கழட்டிக் கொண்டுபோய் என்னுதுல மாட்டிக்கிறேன்."

"நேரா உன்னுதுலயே மாட்டிடலாமே?"

"மச்சினன் வீட்டு சாமான் பூராம் அடைச்சுக் கிடக்கு. உள்ள கால் வைக்க முடியாது. நம்ம ரெண்டு வீடும் ஒரே ஆள் கட்டினது, ஒரே அளவு. இங்க சரியா வந்தா அங்கயும் வரும்."

நியாயம்தானே என்று நெஸ்டருக்குத் தோன்றியது. புத்திசாலி என்று ஒருவன் நம்மை நம்பி வந்துவிட்டால் நம் புத்தி கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொள்ளும்.

குடிசைதான் இடைஞ்சல். சுவரோரம் மோட்டாருக்கு இடம் வேண்டும், கதவைத் தூக்கி இறக்கிப் பார்க்க வேண்டும். நெஸ்டரே புகைக்குழாயைக் கழற்றினார். கதவைத் தூக்கியதும், ஹால்வர் குடிசையைச் சங்கிலியால் டிரக்கோடு பிணைத்து மெல்ல இழுத்தான். வெளிப் பனியில் அது வழுக்கிக்கொண்டு பாதையோரம் போய் நின்றது. நெஸ்டர் அதன் பின்னாலேயே வாசல்வரை போனார். கொஞ்ச நேரம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் மோட்டார் சுவரில் ஏறிவிட்டது. நல்ல வேலைக்காரர் நெஸ்டர், அதை மறுக்க முடியாது. பட்டனை அழுத்தினார். கதவு பூனை மாதிரி சத்தமில்லாமல் மேலே போனது. சந்தோஷத்தில் இன்னொரு தடவை இறக்கி ஏற்றினார்.

"பார்த்துக்கிட்டியா? கழட்டலாமா?"

ஹால்வர் தெருவைப் பார்த்தான். லெஸ்யாவின் கார் திரும்பி, பாதை ஏறி, நேராகக் கராஜுக்குள் வந்து நின்றது. அளவெடுத்தாற்போல் பொருந்தியது.

"எதுக்குக் கழட்டணும்?" என்றாள் அவள், இறங்கிக்கொண்டே. "இது நம்ம மோட்டார். நான்தான் வாங்கினேன்."

"நீயா? ஹால்வர்தானே கேட்டான்."

"நான் கேட்டா நீ குறை சொல்லுவ. அவன் கேட்டா பதில் சொல்லுவ. அதான் அவனை விட்டுக் கேட்டேன்."

நெஸ்டர் ஹால்வர் பக்கம் திரும்பினார். "அப்ப உன் கராஜுக்கு?"

"போன வருஷமே மாட்டியாச்சே. இதே மோட்டார்தான்."

"எனக்குத் தெரியவே தெரியாதே."

"சத்தமே கேக்காதுன்னு நீதானேப்பா சொன்ன. அந்தப் பொந்துக்குள்ளயே கிடந்தா எப்படித் தெரியும்?"

லெஸ்யா பின்சீட்டிலிருந்து மூடி போட்ட பெரிய பாத்திரம் ஒன்றை எடுத்து ஹால்வரிடம் நீட்டினாள். முட்டைக்கோஸ் இலையில் சோறு வைத்துச் சுருட்டிய பலகாரத்தின் வாசனை வந்தது. துரோகத்துக்கு அதுதான் கூலி என்று நெஸ்டருக்கு அப்போதுதான் விளங்கியது.

"ஏரி நல்லா இறுகிடுச்சாம்," என்றாள் அவள், பொதுவாக.

"போற வழியில குடிசையை அங்க இறக்கிடறேன்," என்றான் ஹால்வர்.

"இன்னும் வேலை பாக்கி இருக்கு," என்றார் நெஸ்டர்.

"குழாய் மட்டும்தான். அதை நான் மாட்டிடறேன்பா. உனக்கு எதுக்குச் சிரமம்?"

உதவி செய்கிறேன் என்கிற பக்கத்து வீட்டுக்காரனை வேண்டாமென்று திருப்பி அனுப்ப அந்த ஊரில் யாருக்கும் வாய் வராது. நாற்காலியும் ரேடியோவுமாகக் குடிசை தெருமுனையில் திரும்பி மறைவதை நெஸ்டர் நின்று பார்த்தார். நியாயமாகக் கோபம் வர வேண்டும். அவள் தோளைத் தேய்த்துக்கொண்டே வீட்டுக்குள் போவதைப் பார்த்தபோது வெட்கம்தான் வந்தது. மூன்று குளிர்காலமாக அந்தத் தோளைத்தானே முன்னால் நிறுத்தி ஏமாற்றினோம் என்று மனசு உறுத்தியது.

ஆனாலும் பழக்கம் விடுமா? திங்கட்கிழமை விடியுமுன்பே நெஸ்டர் எழுந்தார். ஏரிக்குப் போனால்தான் இனி நாற்காலி, ரேடியோ எல்லாம். வாசலில் அவருடைய டிரக் கண்ணாடி முழுக்கப் பனி இறுகிப் பாறையாக நின்றது. கையுறையால் தேய்த்துப் பார்த்தார். விரல்தான் மரத்தது.

கராஜ் கதவு சத்தமில்லாமல் மேலே போயிற்று. லெஸ்யாவின் கார் ஒரு துளிப் பனியில்லாமல் பளிச்சென்று வெளியே வந்து, அவர் பக்கத்தில் நின்றது. கண்ணாடி இறங்கியது. உள்ளிருந்து பழைய பிளாஸ்டிக் சுரண்டி நீண்டது.

"இந்தா, எனக்கு இனிமே வேண்டாம். அவசரப்படாத. பொறுமையா சுரண்டு."