மொட்டைமாடியில் சுன்னத்துப் பட்டிமன்றம்

சண்டையை மூட்டிவிடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு, தீர்த்து வைக்கிறவர்களும் உண்டு. சண்டைக்குத் தலைப்பு வைத்து, அணி பிரித்து, ஆளுக்கு ஐந்து நிமிஷம் கொடுத்து நடத்துகிற மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் செங்கல்பட்டில் எங்கள் தெருவில் இருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். எங்களுக்கு அவர் நடுவர்.

மறைமலைநகரில் கார் சாமான் செய்கிற கம்பெனியில் அவருக்கு வேலை. போகவர கம்பெனி பஸ். ஏறியதும் இடப்பக்கத்து சீட்டெல்லாம் ஓர் அணி, வலப்பக்கம் எதிரணி என்று அறிவித்துவிடுவார். மனசில் என்ன இருந்தாலும் உட்கார்ந்த பக்கத்துக்குத்தான் பேச வேண்டும். அதுதான் அவர் சட்டம். ஒருநாள் 'மாமியார் சமையலா, மருமகள் சமையலா' என்று டிரைவரையும் இழுத்துவிட்டார். அந்த ஆள் ஆவேசமாகப் பேசி முடித்தபோது பஸ் கம்பெனியைத் தாண்டிக் கூடுவாஞ்சேரியில் நின்றது.

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போனோம். 'கடலில் முழுகுகிறவர்களுக்குப் புண்ணியமா, கரையில் துணிக்குக் காவல் இருக்கிறவர்களுக்கா' என்று ஆரம்பித்தார். காவல் இருந்தவர்கள் வாதத்தில் ஜெயித்தார்கள். அதற்குள் அலை வந்து துணியை வாரிக்கொண்டு போய்விட்டது. ஈரப் புடவையோடு பஸ் ஏறியவள் நான்.

இப்பேர்ப்பட்டவர் கையில்தான் ரஃபி வீட்டு விவகாரம் போய் விழுந்தது.

ரஃபி எங்கள் எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் பையன். நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை. பெண்டாட்டி நூரு, வாணியம்பாடிப் பெண். ஆண் குழந்தை பிறந்தது. கைக்குழந்தையிலேயே ஆஸ்பத்திரியில் சுன்னத்து செய்துவிட வேண்டும், சீக்கிரம் ஆறிவிடும் என்றாள் நூரு. ரஃபி போனில் எதை எதையோ படித்துவிட்டு, "வெளிநாட்டுல இதுக்கு பெரிய விவாதமே நடந்துகினு கீது. அவன் உடம்பு, பெரியவனாகி அவனே சொல்லட்டும்" என்றான். இருவரும் ஒரே டாக்டரிடம் போனார்கள். "இப்பவும் செய்யலாம், அவசரமும் இல்லை" என்றார் அவர். முன்பாதியை இவள் வீட்டுக்கு எடுத்துவந்தாள், பின்பாதியை அவன் எடுத்துவந்தான்.

நூரு பெட்டி கட்டிவிட்டாள். பிள்ளையோடு தாய்வீடு போனால் திரும்பமாட்டேன் என்றாள். சொன்னால் செய்கிற பெண். நான் அவளைச் சமாதானப்படுத்தப் போனேன். நடுவருக்கோ முகம் மலர்ந்துவிட்டது.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறும்மா நூரு. மாடியில ஒரு பட்டிமன்றம் போட்ருவோம்."

"இன்னாய்யா, எம்மாம் பெரிய விஷயம், வெளையாடறியா?" என்றேன்.

"பெரிய விஷயத்துக்குத்தான் யக்கா பட்டிமன்றம். சின்ன விஷயத்துக்கு போலீஸ் போதும்."

ஞாயிறன்று தெருவே ரஃபி வீட்டு மொட்டைமாடியில். அதுவரை இதைப்பற்றி ஒரு நினைப்பும் இல்லாதவர்களுக்கெல்லாம் காலை டிபனுக்குள் திடமான கொள்கை வந்துவிட்டிருந்தது.

"காது குத்தறப்ப புள்ளய கேட்டா குத்தனோம்?" என்றாள் பூக்கார மங்கா.

"காது வேற, இது வேற மங்காக்கா" என்றான் மெடிக்கல் ஷாப் குமார்.

"இன்னா வேற? ரெண்டும் தோலுதான?"

நடுவர் செருமினார். மன்றத்தில் மட்டும் அவருக்கு இலக்கணத் தமிழ் வந்துவிடும். "பச்சிளம் பாலகனுக்குச் சுன்னத்து செய்வதை முடிவெடுக்கும் உரிமை பெற்றவர்களுக்கா, வளர்ந்தபின் அவனுக்கேவா? தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இருப்போர் 'அவனுக்கே' அணி. கைப்பிடிச் சுவர்ப் பக்கம் 'பெற்றவர்களுக்கே' அணி."

அப்போதுதான் கவனித்தேன். குழந்தைக்கு வெயில் படக்கூடாது என்று நூரு தொட்டி நிழலில் இருந்தாள். அவள் முகத்தில் விழிக்கக்கூடாது என்று ரஃபி சுவரோரம்.

"யோவ், மாத்தி உக்காந்துகினாங்கய்யா!"

"அமர்ந்தது அமர்ந்ததுதான். ஆளை மாற்றினால் மன்றத்துக்கு என்ன மரியாதை?"

நூரு பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். ஒப்புக்கு நாலு வார்த்தை பேசினாள். பிறகு குரல் உடைந்துவிட்டது. "தடுப்பூசி போட்டதுக்கே அப்புடி அழுதான். அவன அந்த ரூமுக்குள்ள அனுப்பிட்டு வெளிய நிக்க எனக்குத் தெம்பு இல்ல. சீக்கிரம் முடிஞ்சா பயம் வுட்டுப்பூடும்னுதான் இத்தினி நாளா அவசரப்பட்டுகினு இருந்தேன்."

ரஃபி தலையைக் குனிந்துகொண்டே தன் அப்பாவைப் பற்றிப் பேசினான். "எனக்கு செஞ்சப்ப எங்கத்தா மடியில வச்சிகினாரு. நான் அழுதேன், அவரு எனக்கு மேல அழுதாரு. அப்பறம் மாலை போட்டு சொந்தக்காரங்க வூட்டுக்கெல்லாம் கூட்டிகினு போனாரு. அத்தா இப்ப இல்ல. எம்புள்ளய அப்புடி மடியில வச்சிக்க எனக்கும் ஆசதான். போன்ல படிச்சதெல்லாம் அந்த ஆசைக்கு அடுத்ததுதான்."

மங்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"நீங்க இவ்ளோ ஆசப்படறீங்க, செஞ்சிடலாங்க" என்றாள் நூரு.

"நீ பயப்படற நூரு, வேணாம்."

"செஞ்சிடலாங்கறேன்ல!"

"வேணாங்கறேன்ல!"

பழைய இடத்துக்கே வந்து நின்றார்கள். அதே சண்டை. ஆனால் இந்த முறை அவளுக்காக அவனும், அவனுக்காக அவளும் கத்தினார்கள்.

"தீர்ப்பு! தீர்ப்பு!" என்றது தெரு. நடுவர் எழுந்தார். கழுதைக்கும் குதிரைக்கும்கூடத் தீர்ப்பு சொன்ன மனிதர், இரண்டு பேரையும் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். இலக்கணத் தமிழ் எங்கோ போய்விட்டது.

"இதுக்கு தீர்ப்பு கெடையாது. அவங்க புள்ள, அவங்க பேசிக்குவாங்க. அல்லாரும் கீழ எறங்குங்க."

"இன்னா நடுவரே, கடைய சாத்திட்டு வந்தனே!" என்றான் குமார்.

"போயி தொறடா."

அன்று சாயங்காலமே நூரு பெட்டியைப் பிரித்தாள். என்ன முடிவு செய்தார்கள், எப்போது செய்தார்கள், செய்தார்களா என்பது இன்றுவரை தெருவுக்குத் தெரியாது. கொடியில் காய்கிற குழந்தைத் துணியை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று மங்கா மாடிக்கு ஏறினாள். கொடிக்கு முன்னால் நாற்காலி போட்டு, வெயிலில் தலையில் துண்டோடு நடுவர் உட்கார்ந்திருந்தார்.

இப்போது அவர் நாவலூரில், மகளோடு அபார்ட்மென்டில் இருக்கிறார். லிப்டில் ஏறுகிறவர்களை அணி பிரித்ததாக அசோசியேஷனில் புகாராம். நூரு பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான். நோன்பு மாதத்தில் அவள் கஞ்சி காய்ச்சினால் முதல் தூக்கை ரஃபி கையில் கொடுத்து நாவலூருக்கு விரட்டுகிறாள். "போறதுக்குள்ள ஆறிப்பூடும்மே" என்று அவன் சொன்னால், "ஆறட்டும்" என்கிறாள். எனக்கு இரண்டாவது தூக்கு. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இலை போடாவிட்டால் எழுந்து வந்துவிடுகிறவள் நான். அந்தக் கஞ்சிக்கு மட்டும் அந்த மனிதருக்குப் பின்னால் நிற்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.