சிவப்புக் கோடு, நீலக் கோடு

“சார், உட்கார ஒரு ஸ்டூல் வேணும்.”

முனீஸ்வரி கேட்டேவிட்டாள். ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்றே சூப்பர்வைசர் சங்கிலி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். “லீவு கேளு, அட்வான்ஸ் கேளு. ஸ்டூல் மட்டும் கேட்றாதத்தா.” பட்டுச் சேலைப் பிரிவில் கடை திறந்ததிலிருந்து அடைக்கும்வரை நின்றே கிடக்கும் பெண்கள் ஒருவரும் கேட்டதில்லை. சொந்த ஊரான எழுமலையில் அவள் குடும்பத்தின் முதல் பட்டதாரி அவள்தான். படிக்க வைத்ததில் வாய் நீண்டுவிட்டது என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். பொய்யில்லை.

முதலாளி ராஜகுரு கண்ணாடியைக் கழற்றினார். “ஸ்டூலா?”

“எனக்கு மட்டுமில்ல, நிக்கிற எல்லாருக்கும். கடையில உட்கார இடம் குடுக்கணும்னு சட்டமே இருக்கு சார்.”

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு இடித்தது.

“உனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமாம்மா?”

“பள்ளிக்கூடத்துக்கு அதுலதான் போனேன்.”

“அப்ப வா. ஸ்டூல் என்ன, சீட்டே தாரேன்.”

மூன்றாம் மாடிக் கிட்டங்கியில், சேலைக் கட்டுகளுக்கு நடுவே அது நின்றது. எங்கேயும் போகாத சைக்கிள். சிங்கப்பூரில் இருக்கும் மகன் கிரிதரன் வாங்கி அனுப்பியது. கடையில் அப்பாவுக்கு ஒன்று, திருநகர் வீட்டில் அம்மா ஹம்சவேணிக்கு ஒன்று. கூடவே ஆளுக்கொரு வாட்ச். கட்டிக்கொண்டு மிதித்தால், யார் நெஞ்சு எப்படி அடிக்கிறது என்று அங்கேயே அவனுக்குத் தெரிந்துவிடும்.

“மூணு நிமிஷம் வேகமா மிதிச்சு நெஞ்சுத் துடிப்பை நூத்தி நாப்பதுக்கு ஏத்தணும். அப்புறம் மெதுவா மிதிச்சு நூத்திப் பத்துக்கு எறக்கணும். ஏத்தி எறக்கி, ஏத்தி எறக்கி… என் முட்டிக்கு ஆகாதும்மா.” வாட்சைக் கழற்றி அவளிடம் நீட்டினார். “என் அறுபதாம் கல்யாணம் வரைக்கும் நீ ஓட்டு. அன்னைக்கே எல்லாருக்கும் ஸ்டூல்.”

முதல் நாள் அவள் ஓட்டவில்லை, சண்டை போட்டாள். வாட்சில் எண் நூற்றெழுபத்தெட்டுக்கு ஏறியது. முதலாளியின் போன் அலறியது. அவர்கள் வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்தில் மகன் கத்தினான்.

“நெஞ்சு வெடிச்சிரும், எறங்குங்கங்கிறான்,” என்றார் ராஜகுரு, வாயில் அல்வாவோடு. “மெதுவா மிதிம்மா.”

மறுநாள் மெதுவாக மிதித்தாள். எண்பத்து நான்கு. மறுபடியும் போன். “தூங்குறீங்களான்னு கேக்குறான். கொஞ்சம் ஏத்தும்மா!”

ஏற்றினாள். எண் அசையவில்லை. இன்னும் அழுத்தினாள். அவள் களைத்துப்போய்க் காலை நிறுத்திய பிறகு அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே போனது. பதறிய மகன் டாக்டருக்குப் போன் போட்டான். டாக்டர் அல்வாவை நிறுத்தினார். அன்று முதல் திருநகர் வீட்டில் சமையல் பார்க்கும் செல்லத்தாய், வேர்த்து விறுவிறுத்து உப்பில்லாக் கஞ்சியைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

“உன் ஒரு ஸ்டூலுக்கு என் அல்வா போச்சு!” என்றார் ராஜகுரு.

ஆனால் அன்று முனீஸ்வரிக்கு ஒன்று பிடிபட்டது. நெஞ்சு டவுன் பஸ் மாதிரி. கை காட்டிய இடத்தில் நிற்காது, தள்ளிப் போய்த்தான் நிற்கும். எண் உச்சிக்கு வருவதற்கு முன்பே காலைத் தளர்த்திவிட வேண்டும். ஏற்றுவதற்கு ஸ்டூலை நினைத்தால் போதும். இறக்குவதற்குத்தான் கண்ணை மூட வேண்டியிருந்தது.

மூடினால் கிட்டங்கி கரைந்துபோகும். புதுத்துணியின் கஞ்சி வாடை மழை வாடையாகும். எழுமலைச் சாலையில், இரண்டு பக்கமும் சோளம் தலையாட்ட, சைக்கிள் தானாக உருளும். தூரத்து மலை நீலமாக மிதக்கும். சேலைக் கட்டுகள் தாமே அவிழ்ந்து காடு முழுக்கப் பறக்கும். அதை எடு, இதைக் காட்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள். வரப்பு நெடுக ஸ்டூல் போட்டு, பட்டுப் பிரிவுப் பெண்கள் எல்லாரும் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பக்கத்தில் இன்னொரு சைக்கிளின் மணி கேட்கும்.

அதுதான் நீலக் கோடு. சைக்கிளில் பொருத்திய திரையில் முதலாளிக்குச் சிவப்பு, அவர் மனைவிக்கு நீலம். ஹம்சவேணியை அவள் கார்க் கண்ணாடிக்குள் பார்த்ததோடு சரி. ஆனால் அந்த நெஞ்சு இப்போது நன்றாகப் பழகிவிட்டது. அலட்டாத நெஞ்சு. களைத்தாலும் ஏமாற்றாது. இம்புட்டு நல்ல மனுசியிடம் கேட்டிருந்தால் ஸ்டூல் அன்றைக்கே கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொள்வாள்.

நாளாக ஆக இரண்டு கோடும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. சிங்கப்பூரில் மகன் உருகிவிட்டான்.

“அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மனசு ஒத்துப்போச்சாம்!” ராஜகுருவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “அறுபதாம் கல்யாணத்துல ரெண்டு சைக்கிளையும் மேடையில போட்டு, சொந்தபந்தம் முன்னாடி ஓட்டச் சொல்றான்மா! நாளைக்கே கோட்டைப் பிரிச்சு விடு!”

பிரித்தாள். அவள் பாதியில் தளர்ந்தாள், நீலமும் தளர்ந்தது. திடீரென்று பாய்ந்தாள், நீலமும் பின்னாலேயே பாய்ந்து வந்தது. நீலம் நின்ற பிறகும் அவள் நெடுநேரம் மிதித்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

“அம்மா உங்களையே பாத்துப் பாத்து ஓட்டுறாங்கன்னு அழுகுறான்மா!” என்றார் ராஜகுரு, தானும் அழாத குறையாக. “மேடையே புக் பண்ணிட்டானாம்! எல்லாம் உன்னாலதான். ஸ்டூலும் கிடையாது, ஒண்ணும் கிடையாது!”

“வாக்குக் குடுத்தீங்களே சார்?”

“ஸ்டூல் போட்டா உட்காந்துருவீங்க. உட்காந்துட்டா சேலையை யாரு காட்டுறது?”

முனீஸ்வரி வாட்சைப் பார்த்தாள். கோபத்தில் நூற்றெண்பது காட்டும் என்று நினைத்தாள். நூற்றுப் பத்து. எழுமலைச் சாலையில் இறங்கும் அதே நிதானம். முடிவை நெஞ்சு முன்பே எடுத்துவிட்டிருந்தது.

இறங்கினாள். வாட்சைக் கழற்றி முதலாளியின் கையிலேயே கட்டிவிட்டாள். எண் விறுவிறுவென்று நூற்றறுபதைத் தாண்டியது. போன் அலறியது.

“எங்கம்மா போற?”

“லேபர் ஆபீசுக்கு.”

மூன்று மாடியும் இறங்கி, சங்கிலி “ஏத்தா, ஏத்தா” என்று கூப்பிடக் கூப்பிட, வாசலைத் தாண்டினாள். எதிரே தூக்குச்சட்டியோடு செல்லத்தாய் மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தாள். அவள் மணிக்கட்டில், முதலாளியுடையதைப் போலவே, அவசரத்தில் கழற்ற மறந்த ஒரு வாட்ச். நீலப் பட்டை.

“அக்கா… அது ஹம்சவேணி அம்மா வாட்ச்சுல்ல?”

செல்லத்தாய் சட்டென்று கையை முந்தானைக்குள் மறைத்தாள். பிறகு முனீஸ்வரியின் மணிக்கட்டில் வாட்ச் கட்டிய தடத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். மெல்லச் சிரிப்பு வந்தது.

“நீதானா தாயி அந்தச் சிவப்புக் கோடு? நானும் காய் நறுக்கையில உட்கார ஒரு ஸ்டூலுதான் கேட்டேன்.”