மாப்பிள்ளையை ஏற்றவேண்டிய பற்றறி

ஊரைச் சந்தோசப்படுத்தும் தொழிலில் இறங்குகிறவனுக்கு உட்காரக் கதிரை கிடைக்காது. இது எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. ஆனாலும் இருபது வருசம் அதையே செய்தேன். (என் புத்தி வேலை செய்யும் வேகம் அவ்வளவுதான்.)

ஐம்பதுகளின் கடைசி. எங்கள் ஊரான வட்டக்கச்சியில் மின்சாரம் இல்லை. பழைய அம்பிளிபயர், இசைத்தட்டுப் பெட்டி, குழாய் ஒலிபெருக்கி, இவற்றை ஓட்ட ஒரு கார் பற்றறி எல்லாம் தேடி வாங்கி, சைக்கிளில் "ஒலிபெருக்கிச் சேவை" என்று எழுதியும் விட்டேன். முதல் வேலை சொந்த அக்காவின் கலியாணம். அதற்காக முந்தின நாள் முழுக்கப் பாட்டுப் போட்டுப் பரீட்சை பார்த்தேன். விடிந்தபோது என் பற்றறி செத்துக் கிடந்தது.

முற்றத்தில் பெரியப்பாவின் உழவு இயந்திரம் நின்றது. பரந்தனிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிவர அதுதான் ஏற்பாடு.

"பெரியப்பா, மிசின் பற்றறியை ஒருக்காத் தாங்கோ."

"ஓம், எடு. எட்டு மணிக்கு முதல் பூட்டிப்போடு."

சொன்னபடி பூட்டினேன். ஆனால் அதிலிருந்த உயிரையெல்லாம் பாட்டாகக் கொட்டியிருந்தேன். இயந்திரம் ஒரு தடவை கனைத்துவிட்டு நின்றது. பத்துப் பேர் தள்ளினார்கள். அது நேரே போய் வாய்க்கால் சேற்றில் இறங்கிக்கொண்டது. முகூர்த்தம் பத்தரைக்கு. அக்கா யன்னலால் என்னைப் பார்த்தாள்.

"டேய், சைக்கிள்ல ஓடு! மாப்பிள்ளையை மட்டுமெண்டாலும் கொண்டு வா!" என்று பெரியப்பா கத்தினார்.

பட்டு வேட்டி, தலைப்பாகையோடு மாப்பிள்ளை என் சைக்கிள் பாரில் ஏறினார். தாலிப் பெட்டி அவர் மடியில். சொந்தக்காரர் மாட்டுவண்டிகளில் பின்னால் வந்தார்கள். வாய்க்கால் ஓரம் இரண்டு இடத்தில் இறங்கி நடந்ததில் அவருக்கு முழங்கால் வரை சேறு. பத்தேகாலுக்கு வாசலை அடைந்தோம்.

எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளையின் காலைப் பெண்ணின் தம்பி கழுவ வேண்டும். அதற்கு அவர் தம்பிக்கு மோதிரம் போடுவார். மற்றக் கலியாணங்களில் ஒரு செம்புத் தண்ணீரோடு முடிந்துவிடும். நான் மூன்று வாளி ஊற்றினேன். போதாமல் சேற்றைத் தேய்க்கத் தேங்காய் நார்ப் பொச்சும் வந்தது.

"வடிவா உரஞ்சும் தம்பி," என்றார் அத்தான், "சேறு உம்மடைதானே."

தாலி நேரத்துக்கு ஏறியது, பாட்டே இல்லாமல். அடுத்த கிழமை அந்த மோதிரத்தை விற்றுப் புதுப் பற்றறி வாங்கினேன்.

இன்றைக்கும் அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தால், இருக்கும் முன்பே காலை நீட்டிக்கொண்டு கேட்பார்: "தம்பி, மோதிரம் எங்கை?"

"பற்றறியாய்ப் போச்சு!" என்று பேரப்பிள்ளைகள் வரை கத்துவார்கள். நான் அலுத்துப்போய்ச் செம்பைத் தேடி எழும்புவேன்.