ஊர் கூடி எனக்கு உடம்பு சரியில்லை என்று தீர்மானித்த விவரம்

நார்த் பெல்டன், கனெக்டிகட்
மே 21, செவ்வாய்

கர்த்தருக்குள் அன்பான தம்பி வாரனுக்கு அக்கா கார்னீலியா எழுதுவது. உனக்கும் லோயிஸுக்கும் ஆண்டவர் குறைவில்லாத சரீர சுகத்தைத் தரும்படி காலையும் மாலையும் மன்றாடுகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, நாற்பது வருஷப் பழக்கம். ஆனால் நீ வேலை பார்ப்பது இன்சூரன்ஸ் கம்பெனி. தீ விபத்துப் பிரிவுதான், எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரே கட்டடம், ஒரே லிப்ட். என் கையெழுத்தில் 'நலம்' என்று ஒரு காகிதம் அந்தக் கட்டடத்துக்குள் நுழைவது இப்போதைக்கு நல்லதில்லை. ஆகையால் உன் அத்தான் எல்டன் நலம், நாய் நலம், என்னைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சத்தம் போட்டதற்கு எனக்கு வருத்தம் இல்லை. "அக்கா, எங்க ஆபீஸ்ல காபி வெச்சிருக்கிற இடத்துல ஒரு காகிதத்தை ஒட்டியிருக்காங்க. போறவன் வர்றவன் எல்லாம் படிச்சிட்டுச் சிரிக்கிறான். ஒரு ஊரே கூடி ஒரு பொம்பளைக்கு உடம்பு சரியில்லைன்னு ஓட்டுப் போட்டிருக்காம். கீழ பாத்தா உன் பேரு. எனக்கு எப்படி இருக்கும்?" என்றாய். "உங்க கம்பெனியில எங்க காகிதத்தை முழுசாப் படிச்சது இதுதான் முதல் தடவை, அந்த மட்டும் சந்தோஷம்" என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். நீ எப்போதும் பாதியைக் கேட்டுவிட்டு முழுக் கோபம் கோபிக்கிறவன். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

இரண்டு வருஷத்துக்கு முன் ஜூன் மாதம் பின்பக்கத்துக் கல் சுவரோரம் காட்டுக்கொடி பிடுங்கினேன். அங்கே எள்ளளவு மான் உண்ணி ஒன்று என்னைக் கடித்திருக்கிறது. எப்போது ஏறியது, எப்போது இறங்கிப் போனது, ஒன்றும் எனக்குத் தெரியாது. முதுகில் வட்டமாகச் சிவந்திருந்ததாம். உன் அத்தான் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, உள்பாடி இறுக்கிய தடம் என்று நினைத்து, கண்ணியமான மனிதர் ஆகையால் என்னிடம் சொல்லாமல் விட்டுவிட்டார். அன்றைக்குச் சொல்லியிருந்தால் மூன்று வார மாத்திரையோடு முடிந்திருக்கும் என்று டாக்டர்கள் எல்லாரும் சொல்கிறார்கள், அவர்கள் ஒத்துப்போகிற ஒரே விஷயம் அதுதான். இலையுதிர் காலத்தில் முழங்கால் போயிற்று, பிறகு வலது தோள், பிறகு வார்த்தைகள். சபையில் பரமண்டல ஜெபம் சொல்லும்போது 'எங்களுக்கு வேண்டிய' என்பதற்குப் பிறகு என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றுவிட்டேன். மற்றவர்கள் ஆகாரத்தை வாங்கிக்கொண்டு பாவமன்னிப்புக்குப் போய்விட்டார்கள்.

லைம் நோய் என்று கண்டுபிடிக்கவே எட்டு மாதம் ஆனது. அப்புறம் இருபத்தெட்டு நாள் மருந்து ஏற்ற உங்கள் கம்பெனி சம்மதித்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். நர்ஸ் ஒருத்தி தினமும் வந்து, முன்னறையில் பெரணிச் செடி தொங்கிய கொக்கியில் மருந்துப் பையை மாட்டினாள். மூன்றாவது வாரம் நான் ரொட்டிக்கு மாவு பிசைந்தேன், வாரன். பிசைந்துவிட்டு அழுதேன். இருபத்தெட்டாம் நாள் கொக்கியில் மறுபடி பெரணி. ஆறு வாரத்தில் தோள் பழையபடி பூட்டிக்கொண்டது.

டாக்டர் ஃபெல்னர் இன்னும் மூன்று மாதம் ஏற்றிப் பார்க்கலாம் என்கிறார். பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிற நிபுணர் கூடாது என்கிறார். சின்ன வயசு, ரொம்ப மரியாதையான பையன். "அம்மா, உங்களுக்கு வலிக்குதுன்னு நான் நம்பறேன்" என்றார். சந்தோஷம் டாக்டர் என்றேன். "ஆனா கிருமி போயிடுச்சு. இனிமே மருந்து ஏத்தினா நல்லதைவிடக் கெடுதல்தான் அதிகம்னு ஆராய்ச்சி சொல்லுது. வலி தானாக் குறையும்." எப்ப என்றேன். "அது ஆளைப் பொறுத்தது." "எந்த ஆளு டாக்டர்? நான்தானே வந்திருக்கேன்" என்றேன். நல்ல மனிதர், சிரித்தார். நான் பத்தாவதோடு நின்றவள், அதனால் நூலகத்தில் கேட்டு வாங்கி இரண்டு கட்சிப் புத்தகங்களையும் படித்தேன். ஒவ்வொன்றும் அடுத்ததைத் திறக்கிற வரைக்கும் சரியாகத்தான் இருக்கிறது. எதிர்க்கட்சிக்குப் படிப்பு போதாது என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒரே கருத்து. எது சரி என்று எனக்குத் தெரியாது. மாவு பிசைந்தது தெரியும்.

கம்பெனிக்கு எழுதினோம். 'நோய் தொடர்வதற்குப் புறச்சான்று இல்லை' என்று பதில் வந்தது. போன் செய்து கேட்டேன். ஒரு பெண், பாவம், இருமிக்கொண்டே பேசினாள். "நீங்க சொல்றது சான்று ஆகாதும்மா. வெளியில இருந்து பாத்தா தெரியணும்." யாருக்குத் தெரியணும் என்றேன். "அதை நாங்க சொல்ல முடியாதும்மா." இருமலுக்கு இஞ்சியும் தேனும் சாப்பிடச் சொல்லிவிட்டு வைத்தேன். வீட்டுக் கணக்கை சென்ட் பிசகாமல் எழுதுகிறவள் நான், உனக்குத் தெரியும். எங்கள் கைக்காசில் எத்தனை பை மருந்து வாங்கலாம் என்று போட்டுப் பார்த்தேன். ஒன்பது. டாக்டர் கேட்பது தொண்ணூறு. ஆகவே கடைசி மேல்முறையீடு ஒன்றுதான் மிச்சம், மே 30 வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் போனில் விசாரணை. அதிலும் இல்லை என்றால் இல்லைதான். இதற்கிடையில் சபை ஜெபப் பட்டியலிலிருந்தும் என் பெயர் போய்விட்டது. போதகரைக் கேட்டால், "ஒரு மாசத்துக்கு மேல யாரையும் வெக்கறதில்லை அம்மா, புது ஆளுங்களுக்கு இடம் வேணுமே" என்றார். ஆண்டவருக்கும் இருபத்தெட்டு நாள்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். நினைத்ததற்கு அன்று ராத்திரியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இனி ஊர்க் கூட்டம். போன வாரத் திங்கட்கிழமை வருஷாந்தரக் கூட்டம். பனி தள்ளும் வண்டி, பாலத்துக் கைப்பிடி, நாய் லைசென்ஸ் எல்லாம் முடிந்து, கடைசியில் 'இதர விஷயங்கள்' என்றார் தலைவி ஹாரியட் பெக். முப்பது வருஷம் லத்தீன் வாத்தியாராக இருந்தவர், விதி என்றால் விதி. எங்கள் பக்கத்துப் பண்ணை டெக்ஸ்டர் எழுந்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சத்தியமாக. "கார்னீலியாக்காவுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்ல வெளியாள் சாட்சி வேணுமாம் கம்பெனிக்கு. ஊரைவிட வெளியாள் யாரு? அவங்க நோயாளின்னு ஊர் தீர்மானம் போடட்டும்" என்றான். யாரோ வழிமொழிந்துவிட்டார்கள். எனக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது, ஆனால் முழங்கால் அதற்கு மடங்காது.

"விவாதம் உண்டா?" என்றார் தலைவி. எங்கள் ஊரில் இல்லாமல் இருக்குமா. பின் வரிசைப் பெரியவர் ஒருவர் எல்லாவற்றுக்கும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்: "இதுக்கு வரி ஏறுமா?" ஏறாது என்றார் தலைவி. "அப்ப எனக்கு ஆட்சேபணை இல்லை, தூக்கத்தைக் கெடுக்காம சீக்கிரம் முடிங்க." இரும்புக்கடை ஆர்வின் கிராஃப்ட் எழுந்தார். "போன வாரம் மளிகைக் கடையில பாத்தேன். நல்லாத்தான் இருந்தாங்க. தள்ளுவண்டி நிறையச் சாமான் தள்ளிட்டுப் போனாங்க." "அவ அதைத் தள்ளலை ஆர்வின், புடிச்சிக்கிட்டு நின்னா" என்றார் உன் அத்தான். பதினோரு வருஷத்தில் ஊர்க் கூட்டத்தில் அவர் பேசிய முதல் பேச்சு. "முழங்கால் வலி யாருக்கு இல்லை? அவங்களுக்கு எழுதிக் குடுத்தா நாளைக்கு எனக்கும் எழுதிக் குடுக்கணும்" என்றார் ஆர்வின். "உனக்கு இருக்கறது வலி இல்ல, சோம்பல். அதுக்குத் தனியா ஒரு தீர்மானம் போட்டுக்கலாம்" என்றான் டெக்ஸ்டர். தலைவி சுத்தியலைத் தட்டினார்.

வீடு விற்றுக் கொடுக்கிற அம்மாள் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். இந்த ஊரில் உண்ணி கடித்தால் வருஷக்கணக்கில் தீராது என்று பதிவேட்டில் இருந்தால் வீடு எப்படி விற்கும், ஆகவே 'வேறு ஊரில் கடிபட்டு' என்று சேர்க்க வேண்டும் என்றார். "எந்த ஊர்ல?" என்றார் தலைவி. "அது எந்த ஊரா இருந்தா என்ன, நம்ம ஊரா இல்லாம இருந்தா சரி." தோற்றது, ஆனால் சொற்ப வாக்கில். 'நோயாளி' என்பது டாக்டர் சொல்ல வேண்டிய வார்த்தை என்று இன்னொருவர் சொல்ல, 'உடம்பு சரியில்லாதவர்' என்று மாற்றினார்கள். எவ்வளவு நாளைக்கு என்று ஒரு கேள்வி வந்தது. ஊர் எதையும் நிதியாண்டுக்கு மேல் தீர்மானிக்க முடியாதாம். ஆகையால் நான் ஜூன் 30 வரைக்கும் உடம்பு சரியில்லாதவள்.

வாக்கெடுத்தார்கள். நாற்பத்து மூன்றுக்கு நாற்பத்து மூன்று. கணக்கில் பிசகில்லை, நானும் எண்ணினேன். சமமானால் தலைவி வாக்களிக்கலாம், ஆனால் நான் அவருக்கு ஒன்றுவிட்ட தங்கை முறை என்பதால் மாட்டேன் என்றுவிட்டார். "கார்னீலியா டட்டில் அம்மா இன்னும் கை தூக்கலை. நீங்களும் இந்த ஊர் வாக்காளர்தானே?" என்றார் என்னைப் பார்த்து. ஊரே திரும்பிப் பார்த்தது. என் நோய்க்கு நானே கை தூக்குவது ஆண்டவர் முன்னால் அகந்தையாகாதா என்று ஒரு பக்கம் யோசனை. எதிராகத் தூக்கினால் பொய்ச்சாட்சி. சரி என்று தூக்கினேன். கை காது வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. இடது கையால் முழங்கையைத் தாங்கித் தள்ளினேன், அப்போதும் இல்லை. "தோளுக்கு மேல தெளிவாத் தெரியணும்" என்றார் தலைவி, ஆனால் மெதுவாக. உன் அத்தான் என் மணிக்கட்டைப் பிடித்தார். "எல்டன், அடுத்தவங்க கையை நீங்க தூக்கக் கூடாது." அவர் விட்டுவிட்டார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். அப்புறம் ஆர்வின் எழுந்தார். "தலைவியம்மா, ஓட்டை மாத்திக்கலாமா?" முடிவு சொல்கிறவரை மாற்றலாம் என்றார். "அப்ப மாத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டார். நாற்பத்து நான்குக்கு நாற்பத்திரண்டு. என் வாக்கு செல்லவில்லை. மறுநாளே ஊர் முத்திரை குத்தி உங்கள் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்கள், நீங்கள் அதைக் காபிப் பாத்திரத்துக்கு மேல் ஒட்டிவிட்டீர்கள்.

அதைத் திரும்பப் பெற்றுக்கொள் என்கிறாய். என்னால் முடியாது தம்பி. அதற்கு முறைப்படி முன்னறிவிப்பு ஒட்டி மறுபடி ஊரைக் கூட்டி, நான் சுகமாயிருக்கிறேன் என்று தீர்மானம் போட வேண்டும், அதற்கும் நான் கை தூக்க வேண்டியிருக்கும். அவர்கள் சிரிக்கட்டும். எனக்கு உன்னிடம் வேண்டியது வேறு. 30-ஆம் தேதி வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு வந்து, பத்து மணிக்கு என் பக்கத்தில் உட்கார். அவர்கள் தேதி கேட்பார்கள், மருந்துப் பெயர் கேட்பார்கள், எனக்குப் பாதி வார்த்தையில் நின்றுபோகும். நின்றால் அந்தப் பக்கம் எழுதிக்கொள்கிறவருக்கு நான் வார்த்தை தேடுவது தெரியாது, வெறும் மௌனம்தான் கேட்கும். அவர்கள் பேசுகிற மாதிரிப் பேச உனக்குத் தெரியும். என் தம்பி என்று நீ சொல்லிக்கொள்ள வேண்டாம், சும்மா உட்கார்ந்தால் போதும். ருபார்ப் பை, அந்தப் புளிப்புத் தண்டுப் பலகாரம், செய்து வைக்கச் சொல்கிறேன், உன் அத்தானை. வட்டமாக வராது, பொறுத்துக்கொள்.

லோயிஸுக்கு என் அன்பு. குழந்தைகளை உண்ணி பார்த்துவிட்டுத் தூங்க வை, காதுக்குப் பின்னாலும் பார். பெலவீனத்தில் பெலன் தருகிற தேவன் உங்கள் வாசலைக் காப்பாராக.

உன் அக்கா,
கார்னீலியா டட்டில்

பி.கு.: உறையை ஒட்டினவள் மறுபடி பிரித்து எழுதுகிறேன். இன்று புதன்கிழமை. காலையில் விழித்தபோது எங்கேயும் வலிக்கவில்லை. கொஞ்ச நேரம் அசையாமல் படுத்திருந்தேன், கலைந்துவிடுமோ என்று. எழுந்து கீழே வந்து சமையலறை மேல் தட்டில் கை வைத்தேன். கை போயிற்று, வாரன், நேராக. இரண்டு வருஷமாக எடுக்காத பெரிய தட்டை எடுத்துத் துடைத்தேன். இப்படி முன்பு மார்ச்சில் ஒரு முறை வந்தது, இரண்டு நாள் இருந்தது, பிறகு ஒன்பது நாள் படுக்கை. இந்தத் தடவை எத்தனை நாளோ தெரியாது. அந்த ஆஸ்பத்திரிப் பையன் சொன்னதுதான் நடக்கிறதோ, ஆண்டவர்தானோ, அதுவும் தெரியாது. ஸ்தோத்திரம் பண்ணினேன், வாய்க்குள்ளேயே. உன் ஆபீஸில் மூச்சு விடாதே. ஊரிலும் யாருக்கும் தெரிய வேண்டாம், நாற்பத்து நான்கு பேர் எனக்காகக் கை தூக்கியிருக்கிறார்கள். துவைத்த படுக்கை விரிப்புகளை வெளிக்கொடியில் போடாமல் மாடி அறைக்குள்ளேயே உலர்த்தியிருக்கிறேன். அடுத்த வார வியாழக்கிழமை எப்படியும் வந்துவிடு, அன்றைக்கு நான் எப்படி இருப்பேன் என்று சொல்ல முடியாது. தட்டைத் திரும்ப மேலே வைக்கும்போது உன் அத்தான் வாசலில் நின்றார். என் இரண்டு கையும் தலைக்கு மேல் இருந்தது, இறக்க நேரமில்லை. அவர் தெருப் பக்க ஜன்னலுக்குப் போய்த் திரையை இழுத்துவிட்டு, அப்புறம் என் பக்கத்தில் வந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.