'ஃபாவ்ஷே' என்றால் உடனே கிளம்பிவிடுவதா?

பாவ்நகர்

சகல சௌபாக்கியங்களும் மொய்க்கப்பெற்ற சிரஞ்சீவி நிமேஷுக்கு, இவ்வீட்டின் ஏகச்சக்கரவர்த்தியான உன் சித்தப்பா தல்சுக் எழுதிக்கொண்டது. யான் பரம சௌக்கியம். வடோதராவில் நீயும் மருமகள் ஃபோரமும் அப்படியே இருக்கக் கடவது.

நம் குஜராத்தியில் 'ஃபாவ்வுங்' என்று ஒரு வினைச்சொல் இருக்கிறதே, பழகிப்போவது, பிடிபடுவது, ஒத்துக்கொள்வது, ஜெயிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். அதன் பூர்வீகம் தேடிப் பண்டிதர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். நான் சொல்கிறேன், கேள். முதன்முதலில் கப்பலேறிய குஜராத்தியிடம், "சேட், பஞ்சு மூட்டை மேலதான் படுக்கணும், பரவாயில்லையா?" என்று கேட்டிருப்பார்கள். "ஃபாவ்ஷே!" என்றிருப்பான். சமாளிச்சுக்கலாம் என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே ஆப்பிரிக்காவைப் பிடித்தோம்.

அதே சொல்தான் என்னைக் கவிழ்த்தது. சித்தியின் காரியம் முடிந்து கிளம்புகையில், "தனியா இருந்துப்பீங்களா சித்தப்பா? எங்களோட வந்துடுங்களேன்" என்றாய். "ஃபாவ்ஷேடா, நீ கிளம்பு" என்றேன். நீயும் கிளம்பிவிட்டாய்!

பக்கத்து வீட்டு ரஞ்சன்பென் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏன் தல்சுக்பாய், அவன் மறுபடி கேக்கலையா?"

"கேக்கலையே."

"கஷ்டம்! போதும் போதும்னு கையால தட்டை மூடினாலும் விரலிடுக்குல நெய் ஊத்தற ஊரு இது. ஒரு மனுஷனை ஒரே தடவையா கூப்பிடறது?"

அன்று முதல் சமையல் நானே. கிச்சடி வைத்தேன், அது பொங்கி அடுப்பை மூடி, முற்றத்தைக் கடந்து, தெருவில் இரண்டு எருமைகளை அசையவிடாமல் நிறுத்திவிட்டது, அதைச் சுரண்டப்போய்க் கரண்டி வளைந்தது, அலுத்துப்போய் ஊஞ்சலில் உட்கார்ந்தால் அது ஒருபக்கமாகச் சாய்கிறது, சித்தி உட்காரும் பக்கம் காலி அல்லவா, சரி என்று நடுவில் உட்கார்ந்து பார்த்தேன், ஊஞ்சல் நேராகிவிட்டது, என்னால்தான் உட்கார முடியவில்லை, எழுந்துவிட்டேன். காலையில் இரண்டு கோப்பை டீ போட்டுவிட்டு, இரண்டையும் நானே குடிக்கிறேன்.

மற்றபடி ராஜபோகம். வடோதரா வெயில் எனக்கு ஆகாது. எனக்காகக் கவலைப்பட்டு ஓடிவர வேண்டாம். நீங்கள் இருவரும் நீடூழி வாழ்க.

இங்ஙனம்,
தல்சுக்

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை வா. பெட்டி கட்டியாயிற்று, வீட்டுச் சாவியை ரஞ்சன்பென்னிடம் கொடுத்தாயிற்று. கூப்பிட்டதும் முதலில் மாட்டேன் என்பேன், அது மரியாதைக்கு. நீ பாட்டுக்குக் காரில் ஏறிவிடாதேடா.